கேள்வி-பதில்: வளைந்த கேரம் போர்டும் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும்

இந்த முறை வந்த கேள்விகளில், வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏழு வயதில் தாத்தாவின் எதிரே சம்மணமிட்டு கேரம் பழகியவன் நான். இப்போது என் எதிரே என் மகள் உட்காருகிறாள். நல்ல பலகை ஒரு வீட்டில் எத்தனை ஆண்டு ஓடும் என்பதைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் 140 வெள்ளி கொடுத்து கேரம் போர்டு வாங்கினோம். இப்போது நடுவில் குழிந்து, காய்கள் தாமாகவே உள்ளே நகர்கின்றன. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது” என்கிறார் கடைக்காரர். பணம் போனதுதானா?
(வாசகர், ஈசூன்)

பதில்: போகவில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன்’ சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், உங்கள் பக்கம் நிற்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியவர் கடைக்காரர். ரசீதில் அச்சடித்த ஒரு வரியால் அந்த உரிமையை அழிக்க முடியாது. முதலில் பழுதுபார்த்துத் தரவோ வேறு பலகை தரவோ கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால், விலையில் ஒரு பகுதியையோ முழுப் பணத்தையோ கேட்கலாம்.

ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பலகையைத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் காய் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு பலகையைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். காய் முன்பு ஓடிய அதே சுவரை நோக்கியே ஓடினால், சாய்ந்திருப்பது உங்கள் வீட்டுத் தரை. பலகையோடு சேர்ந்து ஓடும் திசையும் திரும்பினால், குறை பலகையில்தான். அதன் பிறகு நீளமான இரும்பு அளவுகோல் ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே நிறுத்தி, அடியில் தெரியும் இடைவெளியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதோடு அந்தப் படத்தையும் நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்னொன்றையும் மனசாட்சியோடு யோசியுங்கள். துணி துவைக்கும் இடத்திலோ குளியலறைச் சுவரிலோ பலகையைச் சாய்த்து வைத்திருந்தீர்களா? நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். ஒட்டுப்பலகை அதைக் குடித்து வளையும். அப்படி நேர்ந்திருந்தால், பராமரிப்பில் வந்த கோளாறு என்று கடைக்காரர் சொல்ல இடமிருக்கிறது. படுக்கைக்கு அடியில், காய்ந்த இடத்தில், கிடைமட்டமாக வைப்பதே பலகைக்கு நல்லது.

கடைக்காரர் அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், சமரசம் பேச உதவுவார்கள். அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, நீங்களே பேச வேண்டும்.

அடுத்த பலகை வாங்கும்போது கட்டையின் மினுமினுப்பையும் ஓரத்துப் பூவேலையையும் பார்த்து மயங்காதீர்கள். பணம் ஆடும் தளத்துக்குப் போகட்டும். போட்டிப் பலகையின் உள்ளளவு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், தளத்தின் தடிமன் குறைந்தது 8 மி.மீ. இருக்க வேண்டும் என்பது 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதி. வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறிய பலகை போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிறிய பலகையில் பழகிய கை, பெரிய பலகையில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டிவரும்.

கடையிலேயே ஸ்ட்ரைக்கரை நடுக்கோட்டிலிருந்து எதிர்க்கட்டைக்கு நேராக அடித்துப் பாருங்கள், போன வழியே திரும்பி வர வேண்டும். காய்களைச் சமையலறைத் தராசில் நிறுக்கலாம். ஒரு காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என்று எண்ணியும் பார்த்துவிடுங்கள். பவுடரில் போரிக் அமிலம் என்று எழுதியிருந்தால், வாயில் விரல் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். உருளைக்கிழங்கு மாவு தளத்தை நன்றாகவே வழுக்கவிடும்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் பழைய ஸ்கிராபிள் பெட்டியை 12 வெள்ளிக்கு விற்கிறார். வாங்கலாமா?
(வாசகி, தோ பாயோ)

பதில்: வாங்கலாம். நேரில் போய் எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஆங்கிலப் பெட்டியில் சொல் கோக்கும் எழுத்து வில்லைகள் 100 இருக்க வேண்டும், அவற்றில் இரண்டு வெற்று. வில்லைகளில் உள்ள மதிப்பெண்களைக் கூட்டினால் 187 வரும். எண்ணிக்கை சரியாக இருந்து கூட்டல் மட்டும் உதைத்தால், வேறு பெட்டியின் வில்லை கலந்திருக்கிறது என்று பொருள். தனிநபர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது ‘லெமன்’ சட்டம் பொருந்தாது, அதனால்தான் நேரில் என்கிறேன்.

கேள்வி: குகேஷ் இங்கே செந்தோசாவில் உலகப் பட்டம் வென்றதிலிருந்து எட்டு வயது மகன் சதுரங்கம், சதுரங்கம் என்கிறான். மரத்தில் செய்த நல்ல செட் 200 வெள்ளிக்கு மேல் போகிறது. வாங்கிக் கொடுக்கட்டுமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: 2024 டிசம்பர் 12ஆம் தேதி, பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் டிங் லிரெனை 7.5–6.5 என்று வென்று கண்ணீர் விட்டதைப் பார்த்த பிள்ளை கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் 200 வெள்ளி வேண்டாம். அடியில் கனம் வைத்த பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கும் விரிப்பும் போதும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் அளவில் ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. அளவுகோல் இல்லாவிட்டாலும் பாதகமில்லை: ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நெருக்கிக்கொண்டு அடங்கினால் காயும் கட்டமும் பொருந்துகின்றன.

கண்ணாடிக் காய்கள் அலமாரிக்குத்தான் பொருத்தம். காந்தம் வைத்த பயணச் செட்டைத் தம்பி தங்கை உள்ள வீட்டில் தவிர்த்துவிடுங்கள். கழன்ற காந்தங்களைக் குழந்தை விழுங்கினால் குடலையே துளைத்துவிடும். மிச்சமாகும் பணத்தை வைத்துக்கொண்டு, வார இறுதியில் அவனோடு நீங்களும் இரண்டு ஆட்டம் உட்காருங்கள்.

கேள்வி: மதுரைக்குப் போகிறோம். பித்தளைத் தாயக்கட்டைகளும் விளையாட்டுப் பலகைகளும் வாங்கி வந்தால் வரி உண்டா?
(வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்துவிட்டு வந்தால் 500 வெள்ளி வரை வாங்கியவற்றுக்குப் பொருள், சேவை வரி இல்லை. அதற்கும் குறைவென்றால் வரம்பு 100 வெள்ளி. தாயக்கட்டை வாங்கும்போது உருட்டிப் பாருங்கள். நான்கு முகமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு முகம் அகன்றிருந்தால் அதே எண் அடிக்கடி விழும். உங்களுக்குத் தாயமே விழாமல் போனால் வீட்டில் சண்டைதான்! கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் ஒரு பாயைப் போட்டு உருட்டுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தரையில் பித்தளை விழும் சத்தம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கேள்வி: பேத்திகளுக்குப் பல்லாங்குழி சொல்லித்தர ஆசை. மீன் வடிவில் மடிக்கும் பலகை 90 வெள்ளி என்கிறார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா தம் சொங்காக் பலகையைத் தருவதாகச் சொல்கிறார். அதில் ஆடலாமா? கூடவே குன்றிமணி ஒரு பொட்டலம் வாங்கவும் எண்ணம்.
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அம்மா, குன்றிமணியை மட்டும் வாங்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு கெட்டியாக இருக்கும்வரை வெளியே வராது. பிள்ளை கடித்துவிட்டாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக, பொட்டில்லாமல் இருப்பது மஞ்சாடி. இங்கே சாகா விதை என்பார்கள். அது வேறு மரம். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் விற்றால் பொட்டைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் புளியங்கொட்டைதான். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 கொட்டை. ஒரு மாதம் சாம்பாருக்குப் புளி கரைத்தால் தானாகச் சேர்ந்துவிடும். கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்துவையுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அருகில் இருந்தால் எந்தக் கொட்டையானாலும் கண் அங்கேயே இருக்க வேண்டும், தொண்டையில் சிக்கும்.

சொங்காக் என்பது பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டம், அந்தப் பலகையில் தாராளமாக ஆடலாம். பக்கத்துக்கு ஏழு குழி இருக்கிறதா என்று எண்ணுங்கள், சிலவற்றில் கூடக்குறைய இருக்கும். இரு முனையிலும் உள்ள பெரிய குழிகளை, அவர்கள் ‘ரூமா’ என்பதை, நீங்கள் ஆட்டத்தில் சேர்க்காமல் வென்ற காய்களைப் போட்டுவைக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சேர்ந்தால் பசு, வெறுங்குழியைத் தடவினால் அடுத்த குழி உங்களுக்கு என்பதெல்லாம் அப்படியே பொருந்தும்.

பிறகு சொந்தப் பலகை வேண்டுமென்றால், குழியின் அடி கிண்ணம்போல் வளைந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். செங்குத்தாகத் துளைத்த குழியில் கொட்டை மூலையில் ஒட்டிக்கொள்ளும், அள்ள வராது. மடிக்கும் பலகையில் கீல் கட்டையோடு சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்ன விரல் நசுங்கும். அதுவரை அந்த அம்மாவின் பலகையிலேயே ஆடுங்கள், அவரையும் ஒரு கை உட்காரச் சொல்லுங்கள். உங்கள் பேத்திகளுக்கு அவர் சொங்காக் சொல்லித்தருவார்.