முதலில் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஐந்து வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். பெரியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம், அப்புறம் பி.எட். முடித்தேன். தென்கொரியாவில் பள்ளிக்கூடத்தில் துணை ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாக சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் 1,80,000 ரூபாய். 40,000 கொடுத்துவிட்டேன். ஒரிஜினல் சான்றிதழ்களும் அவரிடம்தான் இருக்கின்றன. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், நவம்பரில் கிளம்பலாம் என்கிறார். மீதிப் பணத்துக்கு அப்பா நகையை அடகு வைக்கப் போகிறார். நம்பலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஆசைப்படும் வேலை பொய்யில்லை. அந்த ஏஜென்ட் காட்டும் வழிதான் பொய்.

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 என்ற விசா வேண்டும். பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத்தான் அதைத் தருவார்கள். நம்மூரில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் இந்தியருக்கு வாய்ப்பே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் வாய்ப்பு எல்லாருக்கும் உண்டு என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் போய்ச் சிக்குகிறார்கள். இரண்டுமே தவறு. இந்தியாவும் தென்கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் ஒன்று 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்தியர்களுக்கென்று ஒரு விலக்கு உண்டு. இளங்கலைப் பட்டமும், ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியர் தகுதியும் இருந்தால், பள்ளிக்கூடத்தில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர ஈ-2 விசா கேட்கலாம். ஆக, உங்கள் கையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த காகிதம் பி.எட். சான்றிதழ். ஆன்லைனில் 120 மணி நேரம் படித்து வாங்கும் டெஃபல் என்ற ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. அதை விற்கிறவர்கள் ஈடாகும் என்பார்கள், கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விலக்கு பள்ளிக்கூட வேலைக்கு மட்டும்தான். அங்கே ஹாக்வோன் என்று தெருவுக்கு ஒரு தனியார் டியூஷன் சென்டர் இருக்கும். அதற்கு இந்த விலக்கு செல்லாது. ஆஃபர் லெட்டரில் பள்ளி என்று போட்டுவிட்டு, போய் இறங்கியதும் டியூஷன் சென்டருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பிடிபட்டால் தண்டனை உங்களுக்குத்தான், ஏஜென்ட்டுக்கு இல்லை.

டூரிஸ்ட் விசா பேச்சை அதோடு நிறுத்துங்கள். அந்த விசாவில் ஒரு நாள் வகுப்பு எடுத்தாலும் சட்டவிரோத வேலைதான். அபராதம் கட்டி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி அந்த நாட்டுக்குள் போக முடியாதபடி தடையும் வாங்கி வர நேரிடும். நவம்பர் என்பதே சந்தேகத்துக்குரியது. கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கும், இரண்டாம் பருவம் ஆகஸ்ட் கடைசியில். பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஆள் எடுப்பார்கள்.

போன மாதம் என் மேஜைக்கு வந்த ஓர் ஆஃபர் லெட்டரைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. சம்பளத்தை டாலரில் போட்டிருந்தார்கள். கொரியப் பள்ளி வோனில்தானே சம்பளம் கொடுக்கும்? முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அனுப்பியது ஒரு ஜிமெயில் முகவரி. உங்களிடம் இருப்பதையும் இப்படி ஒரு தடவை பாருங்கள்.

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். "எங்கள் ஹெட் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது, நம்பர் அங்கே இருக்கிறது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சப்-ஏஜென்ட் என்று ஒன்றைச் சட்டம் ஏற்பதில்லை. பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 1,80,000 எந்தக் கணக்கு?

சரி, முறையாகப் போக என்ன செய்வது? பட்டமளிப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? நம் பிள்ளைகள் பலர் புரொவிஷனலோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பி.ஏ.வுக்குப் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் போக வேண்டும். பி.எட். பட்டம் கொடுப்பது சென்னையில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். அப்புறம் மாநில அரசின் சான்றொப்பம், அதற்கு மேல், சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசொல்லும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. முத்திரைக்கு அரசு வாங்குவது சான்றிதழுக்கு 50 ரூபாய். அமைச்சகம் நியமித்த முகமையிடம் ரசீது பெற்றுக் கொடுத்தால் அதன் சேவைக் கட்டணம் தனி. இதற்குப் புரோக்கர்கள் 15,000, 20,000 என்று கறக்கிறார்கள். ஒரு முத்திரைக்கு ஏற்காட்டுப் பிள்ளை மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. புரோக்கர் பிழைப்பதே அந்த அலைச்சலில்தான். இந்தக் காலத்திலும் இதை ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்க முடியாதா என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெயரையும் பாருங்கள். சான்றிதழில் இனிஷியலோடு 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்று இருந்தால், வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு ஆள். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் எடுங்கள். பாஸ்போர்ட் சேவை தளத்தில் விண்ணப்பித்தால் 500 ரூபாய். முன்கூட்டியே எடுத்தால் விசாவுக்குள் பழசாகிவிடும். பாஸ்போர்ட்டில் சேலம் முகவரி இருந்து நீங்கள் ஏற்காட்டில் தங்கியிருந்தால், இப்போதைய முகவரிக்கு ஆதாரம் தயாராக இருக்கட்டும்.

இதெல்லாம் அப்புறம். நாளைக் காலை ஒரு ஆளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த அலுவலகம் போங்கள். பள்ளியில் சரிபார்க்கக் கேட்கிறார்கள் என்று சொல்லி ஒரிஜினல்களை வாங்கிவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். தர மறுத்தால், 40,000 கொடுத்த ரசீதோ ஜிபே விவரமோ எடுத்துக்கொண்டு போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.