ஒரு முறை பார்த்தால் போதாதா?

கேள்வி: என் மகன் சிகாகோவில் வேலை பார்க்கிறான். வயது 34. ஆகஸ்ட் வந்தால் லீவு போட்டுவிட்டு இண்டியானாபொலிஸில் நடக்கும் ‘ஜென் கான்’ என்ற மேஜை விளையாட்டு மாநாட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். ஒரு முறை பார்த்தால் போதாதா? ஆடியே தீரவேண்டும் என்றால் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் ஆடலாமே? வளர்ந்த பிள்ளைக்கு என்ன விளையாட்டு?
– ஒரு தகப்பனார், தஞ்சாவூர்

பதில்: போதாது, ஐயா. நீங்கள் அதை ஒரு கண்காட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடைகள் நிறைந்த பெரிய கூடம் ஒன்று அங்கே இருப்பது உண்மைதான். புதிதாகப் போகிறவர்கள் அதைச் சுற்றுவதிலேயே களைத்துவிடுவார்கள். ஆனால் ஆண்டு தவறாமல் போகிறவர்கள் போவது ஆட்ட மேஜைகளுக்காக. நான்கு நாளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் நடக்கும். அவற்றில் மிகப் பலவற்றை நடத்துவதும் ஆட வந்தவர்களேதான். மாதக்கணக்கில் கதை யோசித்து, வரைபடம் வரைந்து, பாத்திரங்களின் விவரத்தாளை ஆளுக்கொன்றாகப் பிரதி எடுத்து வந்து, முன்பின் தெரியாத ஐந்தாறு பேரை நான்கு மணி நேரம் ஒரு கற்பனை உலகத்துக்குள் கூட்டிப்போவார்கள். முதல் வருடம் அந்த ஐந்தாறு பேரில் ஒருவராக உட்கார்ந்தவர், சில வருடம் கழித்துத் தானே கதை சொல்ல உட்காருவார். உங்கள் மகன் அங்கே ஆடுகிறாரா, நடத்துகிறாரா? நீங்கள் கேட்டதுண்டா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவையாறு இருக்கிறது. ஆராதனைக்கு வருடாவருடம் போய், கூட்டத்தோடு உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடிவிட்டு வருகிறவரிடம் ‘போன வருடமே கேட்டாயிற்றே’ என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

இந்த மாநாடு தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவர் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து முதல் ஜென் கானை நடத்தினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, குடும்பஸ்தர். அன்று வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். 1969-இல் மறுபடி நடத்தியபோதுதான், அங்கே வந்திருந்த டேவ் ஆர்ன்சன் என்ற கல்லூரி மாணவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளியானது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் ஆட்டத்தை ரோல்-பிளேயிங் என்பார்கள்; இன்று உலகமெங்கும் ஆடும் அத்தகைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்தது. ஒரு முறை நடத்தியது போதும் என்று கைகாக்ஸ் விட்டிருந்தால் அந்தச் சந்திப்பு ஏது?

இன்டர்நெட்டில் ஆடலாம்தான். மற்ற 11 மாதமும் உங்கள் மகன் அப்படித்தான் ஆடுவார் என்று நினைக்கிறேன். 2020-இல் கொரோனாவால் ஜென் கானே முழுக்க இணையத்தில்தான் நடந்தது. அதுவே போதும் என்றால் கூட்டம் வீட்டிலேயே இருந்திருக்கும். 2023-இல் நேரில் வந்தவர்கள் 70,000-க்கும் மேல்; அதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை.

அங்கே ‘கார்ட்ஹால்லா’ என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து, விளையாட்டுச் சீட்டுகளைச் சாய்த்தும் அடுக்கியும் சுவர், கோபுரம், பாலம் என்று கட்டலாம். முதல் நாள் யாரோ தொடங்கிய கோபுரத்தை மூன்றாம் நாள் வேறு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உயர்த்துவார்கள். சனிக்கிழமை இரவு எல்லோரும் சுற்றி நின்று சில்லறைக் காசுகளை வீசி அந்த நகரத்தை இடிப்பார்கள். சேரும் காசு தர்ம காரியத்துக்குப் போகும். அடுத்த வருடம் மறுபடி தரையிலிருந்து தொடங்குவார்கள். இதை இன்டர்நெட்டில் எப்படிச் செய்வது?

அச்சுக்குப் போகாத ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்கவும் தனி இடம் இருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர் பக்கத்திலேயே இருந்து, நாம் எந்த விதியில் குழம்புகிறோம் என்று குறித்துக்கொள்வார். பிறகொரு வருடம் அதே ஆட்டத்தைக் கடையில் பெட்டியாகப் பார்க்கும் சந்தோஷம், தொடர்ந்து போகிறவருக்கு மட்டும்தான்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பேன். மாநாட்டை ஒட்டிய ஹோட்டல்களில் அறை கிடைப்பதே பாடு. கடைக்கூடத்தில் பர்ஸ் காலியாவதும் சுலபம். கடன் வாங்கிப் போகிறாரா என்று தாராளமாக விசாரியுங்கள். உடம்பையும் விசாரியுங்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் திரும்பும்போது சளி, இருமல் வருவது சகஜம். பழக்கப்பட்டவர்கள் புதியவர்களுக்கு 6-2-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள்: தினமும் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், 2 வேளை சாப்பாடு, 1 குளியல்.

ஆனால் ‘வளர்ந்த பிள்ளைக்கு என்ன விளையாட்டு’ என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவருக்கு ஆபீஸ் சம்பந்தமில்லாத சிநேகிதர்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ‘இந்த வருடமும் வருகிறாய்தானே?’ என்று கேட்க அந்த ஊரில் அவருக்கு நாலு பேர் இருந்தால், பெற்றவர் நிம்மதிப்பட வேண்டிய விஷயம் அது.

நீங்கள் சிகாகோ போவதாக இருந்தால் ஜென் கான் நடக்கும் சமயத்தில் போங்கள். இண்டியானாபொலிஸ் காரில் மூன்று மணி நேரம்தான். பேட்ஜ் என்கிற நுழைவு அட்டை வாங்கியவர்களுக்கு அறை பிடிக்கக் குலுக்கல் முறையில்தான் நேரம் ஒதுக்குகிறார்கள். அதனால் மகனிடம் பல மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.