பரம்வீர் சக்ரா என்றால் என்ன? எப்படிப்பட்ட வீரத்துக்குத் தருகிறார்கள்?

போர்க்களத்தில், எதிரியின் முன் நின்று காட்டும் அசாதாரண வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த பதக்கம் இது. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டது. தங்கம்கூட இல்லை, வெறும் வெண்கலம்தான்.

சண்டை போடுவது சிப்பாயின் வேலைதானே, அதற்கு எதற்குப் பதக்கம்? பேருந்தை ஒழுங்காக ஓட்டுவது ஓட்டுநரின் கடமை. தீப்பிடித்த பேருந்துக்குள் திரும்ப ஏறி, சிக்கிய பயணிகளை இழுத்து வந்தால்? அதை யாரும் அவரிடம் கட்டாயமாகக் கேட்க முடியாது. கடமையைத் தாண்டிய அந்தப் பகுதிக்குத்தான் பதக்கம்.

முதல் விருது பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவைப் பாருங்கள். ஹாக்கி விளையாடி முறிந்த இடது கையில் மாவுக்கட்டு. வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் தன் ஆட்களோடு காஷ்மீருக்குப் போனார். 1947 நவம்பர் 3 அன்று, ஸ்ரீநகர் விமானதளத்துக்குப் பக்கத்தில் உள்ள பட்காமில் எதிரிகளின் பெரும் படையொன்று அவர்களைச் சூழ்ந்தது. ஆட்கள் குறைந்தபோது, அந்தக் கையோடு அவரே துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். குண்டு விழுந்து இறந்தார். ஆனால் அவர்கள் எதிரியைத் தடுத்துத் தாமதப்படுத்தியதால்தான் விமானதளம் தப்பியது.

அப்புறம், இறந்தவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: இதுவரை பெற்ற 21 பேரில் 7 பேர் போரில் உயிர் பிழைத்தவர்கள்.