அப்பத்தாவின் பல்லாங்குழியைத் தரகரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பொது வீட்டைப் பங்கு பிரித்தபோது, இரண்டாம் கட்டு அறையில் அப்பத்தாவின் மரப் பல்லாங்குழி கிடைத்தது. அதைப் பார்த்த தரகர், “நூறு வருஷத்துப் பொருள், பதிவு இல்லாமல் வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும், என்னிடம் தள்ளிவிடுங்கள்” என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகளோ அதைக் கேட்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தரகரை அனுப்பிவிடுங்கள், ஆச்சி. தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு கண்ட கைவினைப் பொருளைத் தொல்பொருள் என்று சொல்வது உண்மை. ஆனால் பதிவு கட்டாயம் என்பது சிற்பம், ஓவியம், சித்திரச் சுவடி என்று அரசு அறிவித்த வகைகளுக்கு மட்டுமே. உருவம் எதுவும் செதுக்காமல், வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி குடைந்து கீல் வைத்து மடக்கும் பலகையை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல.

செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரியும் இடமெல்லாம் இதே மிரட்டலைக் கேட்கிறேன். மிரட்டும்போது நூறு வயது என்பவர், விலை பேசும்போது நேற்றுச் செய்த பலகை என்பார். விற்பதானாலும், தொல்பொருள் வணிக உரிமம் காட்டாதவரிடம் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள். வயதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். பல ஆண்டு சோழி அள்ளிய குழியின் விளிம்பு, விரல் உரசும் பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும்; சாயம் பூசிப் பழசாக்கிய பலகையில் குழியின் அடிவரை ஒரே கறுப்பாக இருக்கும். கீலில் கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி இருந்தால், கீலாவது பிற்காலத்தது.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பலகையில் வெள்ளையாக ஏதாவது பதித்திருந்தால் அது எலும்பா, யானைத் தந்தமா என்று பாருங்கள். எலும்பில் நுண்ணிய புள்ளிகளும் கீறல்களும் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலைபோல் குறுக்குக் கோடுகள் ஓடும். தந்தமென்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். எத்தனை தலைமுறைப் பொருளானாலும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அப்பத்தா சீர்வரிசையாகக் கொண்டுவந்தது என்பதும் விலக்காகாது. வீட்டில் வைத்திருக்கவே உரிமைச் சான்று வேண்டும். சந்தேகம் இருந்தாலே வனத்துறையிடம் காட்டிவிடுங்கள்.

மகளிடம் அனுப்புவது வேறு காரியம். நூறு ஆண்டைத் தாண்டிய பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. வயது குறைவென்றால், ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். கடத்தப்படும் செப்புத் திருமேனிக்கு இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் புளியங்கொட்டை போட்டு ஆடிய பலகைக்கும் காரைக்குடிக்காரர் சென்னைக் கோட்டையிலுள்ள அந்தத் துறையின் அலுவலகம்வரை அலைய வேண்டியிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வல்லுநர் மாதம் ஒருநாள் சிவகங்கைக்கு வந்தால் தீரும் வேலை இது. “சான்றை நானே வாங்கித் தருகிறேன்” என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பலகையை மூடியும் திறந்தும், கீலை அருகிலும் படமெடுத்து, அளவைக் குறித்து, விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.