பத்துப் பிடி பருப்பு

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தனி அறை, ஒற்றை அடுப்பு. ஓட்டல் சாப்பாட்டிலேயே பாதிச் சம்பளம் போகிறதே என்று செல்போனில் வீடியோ பார்த்துச் சமைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் புதிதாக ஏதாவது வாங்க வேண்டியிருக்கிறது. கசூரி மேத்தி, கரம் மசாலா, சோயா சாஸ் எல்லாம் ஒரு தடவை திறந்ததோடு அப்படியே இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் ஓட்டலே தேவலை போலிருக்கிறது. ஊரிலிருந்து அம்மா மாதம் ரேஷன் அரிசி பத்து கிலோ, துவரம்பருப்பு அரைக்கிலோ, பாமாயில் அரை லிட்டர், புளி, மிளகாய், வீட்டில் அரைத்த குழம்புத்தூள் கொடுத்தனுப்புகிறார். இதை வைத்து மாதத்தை ஓட்ட முடியுமா? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும். உங்கள் கட்டுரைகளில் சாப்பாடு அடிக்கடி வருவதால் துணிந்து கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவனுக்குச் சமைக்கத் தெரியும் என்று நம்பிவிட்டீர்கள். நாற்பத்து மூன்று வயதுவரை நான் அடுப்படிக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. உங்கள் ஊர்க்காரருக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். கொல்லையில் ஆறு தென்னையில் ஒன்று மிச்சம், வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. மறுநாள் விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டப் போய் அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் திருச்சியில். பதினேழு நாள் மின்சாரம் இல்லை. கடைத்தெரு பாதி மூடிக் கிடந்தது. அம்மா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கையில் மாவுக்கட்டு. நான் அடுப்படியில்.

முதல் நாள் கேட்டேன், "இன்னிக்கு என்னம்மா வைக்கறது?"

"என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. என்ன வைக்கறதுன்னு அப்பறம் பாப்போம்."

உங்கள் வீடியோக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பண்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாமானுக்குக் கடைக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்கு அது தொழில், நாளைக்கு வேறொன்று காட்டியாக வேண்டும். உங்களுக்கு நாளைக்கும் அதே டப்பாக்கள்தான். அதனால் பட்டியல் தரப் போவதில்லை. இருப்பதைக் கணக்குப் பார்ப்போம்.

அரைக்கிலோ பருப்பு. என் கையால் ஒரு பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம் வருகிறது. அப்படியானால் உங்களிடம் இருப்பது பத்துப் பிடி. மாதம் முப்பது நாள். மூன்று நாளைக்கு ஒரு பிடி. மாதத்தின் சமையல் திட்டம் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

பருப்பு நாளில் அந்த ஒரு பிடியை அரைமணி நேரம் ஊற வைத்து, கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேக வையுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். வெந்ததும் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது ராத்திரி ரசத்துக்கு. அடியில் இருக்கிற பருப்போடு ஒரு கட்டுக் கீரையை வேகவிட்டுக் கடைந்தால் மத்தியானத்துக்கு ஆயிற்று. ஒரு பிடி பருப்பு இரண்டு வேளைக்கு வந்துவிட்டது, பாருங்கள்.

அடுத்த இரண்டு நாள் புளிக்குழம்பு. தனி ஆளுக்கு, இரண்டு நாளைக்குச் சேர்த்து, எலுமிச்சையில் பாதியளவு புளி போதும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் கால் ஸ்பூன் வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை. வெந்தயம் சிவக்கலாம், கறுக்கக் கூடாது. கறுத்தால் குழம்பே கசக்கும். சின்ன வெங்காயமோ வத்தலோ எது இருக்கிறதோ அதைப் போட்டு வதக்கி, அடுப்பைத் தணித்துக் குழம்புத்தூள், உடனே கெட்டியான புளிக்கரைசல். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்க வேண்டும். உப்பைப் பாதிதான் முதலில் போட வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நான் கற்றுக்கொண்டது இரண்டாம் நாள். கணக்காக உப்புப் போட்டுவிட்டு, குழம்பு கெட்டியாகட்டும் என்று கொதிக்க விட்டுக்கொண்டே நின்றேன். சுண்டச் சுண்ட உப்பு ஏறியது. வாயில் வைக்க முடியவில்லை. கொட்டிவிடலாம் என்று சட்டியைத் தூக்கினேன். கூடத்திலிருந்து அதட்டல் வந்தது. "எதுக்குக் கொட்டறே? சோறு வடிச்ச கஞ்சி இருக்குல்ல?" கஞ்சியில் பாதியை ஊற்றி, மேற்கொண்டு புளி கரைத்து விட்டு, விழுந்த வாழையின் தண்டை நறுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தோம். இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு வைத்த குழம்பு மூன்று வேளைக்கு ஆனது. சுமாரான குழம்புதான், பொய் சொல்ல மாட்டேன்.

அதனால் சோற்றைக் குக்கரில் வைக்காமல் வடியுங்கள். ரேஷன் அரிசியை மூன்று தண்ணீர் கழுவி அரைமணி ஊறப்போட்டால் அந்த மக்கல் வாடை பெரும்பாலும் போய்விடும். வடித்த கஞ்சியில் உப்பும் துளி மோரும் சேர்த்துக் குடிக்கலாம், குழம்புக்குத் திடம் கொடுக்கவும் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி மிஞ்சின சோறு நன்றாக ஆறின பிறகு தண்ணீர் ஊற்றி வையுங்கள். சூட்டோடு மூடி வைத்தால் கெட்டுவிடும். காலையில் பழையதும் முந்தின நாள் குழம்பைச் சுண்ட வைத்ததும். கடைக்குப் போகும் முன் டீக்கும் பன்னுக்கும் நீங்கள் கொடுக்கிற காசு அப்படியே நிற்கும்.

தயிர் புளித்துப் போனால் தூக்கி எறியாதீர்கள். ஒரு கிண்ணம் அரிசிமாவுக்கு மூன்று கிண்ணம் புளித்த மோர், உப்பு. கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கடுகு, மோர்மிளகாய் தாளித்து அதில் ஊற்றி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறினால் மோர்க்களி. தஞ்சாவூர்ப் பக்கம் சாயங்காலப் பசிக்கு இதை மிஞ்சி ஒன்று கிடையாது என்பது என் கட்சி. மனைவி ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பழையசோற்றைப் பற்றி ஆளாளுக்குப் புல்லரித்து எழுதுகிறார்கள், மண்பானையில் வைத்து விலை போட்டும் விற்கிறார்கள். எனக்கு அதில் ஒட்டுவதில்லை. அடைமழையில் வயல் வேலை நின்றுபோகிற ஐப்பசி கார்த்திகையில், எங்கள் ஊர்க் கூலிக்காரர் தெருவில் வரப்பு நண்டை இடித்து ரசம் வைத்ததும், நத்தை பொறுக்கியதும் ருசிக்காக இல்லை. அதே மாதத்தில் எங்கள் தெருவில் பங்குனி வெயிலில் காயவைத்த மணத்தக்காளி வத்தல் பானையிலிருந்து இறங்கும், பத்தாயத்தில் நெல் இருக்கும். இரண்டையும் சேர்த்து 'டெல்டாவின் சிக்கனச் சமையல்' என்று ஒரே பெயர் வைத்தால் அது அநியாயம். உங்கள் கடிதத்திலும் ஒரு கூச்சம் தெரிகிறது, ரேஷன் அரிசி என்று எழுதுவதில். 2011-லிருந்து அந்த அரிசிக்குக் காசு வாங்குவதில்லை. அது வந்த பிறகுதான் அந்தத் தெருவில் ஐப்பசியில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அப்படியும் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு. ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம், பொட்டலமாக. பெருங்காயம் சின்ன டப்பா. கல்லுப்பு. தாளிக்க உளுந்து அம்மாவிடம் கேளுங்கள். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்து உங்கள் பக்கத்தில் இல்லாத வீடு குறைவு. காய்க்குச் சாயங்காலம், கடை கட்டுகிற நேரத்துக்குச் சந்தைக்குப் போங்கள். வாழைத்தண்டும் வாழைப்பூவும் காவிரிக்கரையில் மலிவு, நறுக்க நேரமாகும் என்பதால்தான் யாரும் சீந்துவதில்லை. நறுக்கிய தண்டை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பூவில் ஒவ்வொரு காம்பிலும் நரம்பை உருவ வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டே உருவினால் அலுக்காது.

முதல் மாதம் தப்பும் தவறுமாகத்தான் வரும். ஒரு நாள் அலுத்துப்போய் ஓட்டலுக்குப் போனால் போய்விட்டு வாருங்கள், அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோயா சாஸுக்கு என்னிடம் வழியில்லை, பக்கத்து அறைப் பையன்கள் யாராவது நூடுல்ஸ் செய்தால் கொடுத்துவிடுங்கள். கசூரி மேத்தி இருக்கிறதே, அது காய்ந்த வெந்தயக்கீரைதான். கீரை கிடைக்காத பருப்பு நாளில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் கசக்கிப் பருப்பில் போடுங்கள். தாளிப்பில் வெந்தயத்தை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.