ஹாட் ஸ்டோன் மசாஜ் செய்தால் தோள்பட்டை இறுக்கம் உண்மையிலேயே விடுமா? கல் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

விடும். எனக்கு இரண்டு நாள் விட்டது, மூன்றாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. காசு வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வைத்தியம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் அச்சை அழுத்தி அழுத்தி, கழுத்திலிருந்து வலது தோள் வரைக்கும் கயிறு முறுக்கினாற்போல ஆகிவிடும். யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, உடம்போடு திரும்ப வேண்டும். போன வருஷம் சென்னையில் இருக்கும் என் மகள், "ஆத்தா, நீங்க ஒண்ணும் பேசாமப் போய்ப் படுத்துட்டு வாங்க" என்று கானாடுகாத்தான் பக்கம், பழைய வீட்டை ஓட்டலாக்கியிருக்கும் ஓர் இடத்தில் சொல்லிவைத்துவிட்டாள். 75 நிமிஷம். கட்டணத்தைக் கேட்டதும் இது எத்தனை கிலோ மனகோலம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

ஆத்தங்குடிக் கல் பதித்த அறை. ஓரத்தில் கரண்டில் சுடும் ஒரு தொட்டி, அதில் வெந்நீருக்குள் கன்னங்கரேலென்று வழவழப்பான கற்கள். முதுகுக்கு உள்ளங்கை அகலம், கால் விரலிடுக்குக்குப் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. முதலில் வெறும் கையால் எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு கல்லைக் கையில் பிடித்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். எலும்பின் மேல் கல் படவே இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டுமாம். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும், தசை இளகும். அதனால் வெறும் கை மசாஜ் மாதிரி பலமாக அமுக்கத் தேவையில்லை. பாதியில் தூங்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "உடம்புக் கழிவெல்லாம் வெளியே வந்துடும் மேடம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அது சிறுநீரகமும் கல்லீரலும் பார்க்கிற வேலை, கல்லுக்கு அதில் பங்கில்லை.

இனி என் அசட்டுத்தனம். முதல் கல்லை வைத்ததுமே சுரீரென்றது. "சூடு சரியா இருக்கா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டார். சின்னப் பிள்ளை, மனசு சங்கடப்படுமே என்று "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டேன். தோளுக்குக் கீழே நாலு நாளைக்குச் செவசெவவென்று தடம். நீங்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு படுக்காதீர்கள். தொட்டித் தண்ணீர் பொதுவாக 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதுவே 60 ஆனால் ஐந்து நொடியில் தோல் வெந்துவிடும். தொட்டியில் வெப்பமானி இருக்கிறதா, கல்லை முதலில் தன் கையில் வைத்துப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

அந்தக் கல் பசால்ட், எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது. நம் ஊர் செம்புராங்கல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இராது, அதனால் தோலில் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது ஸ்பாக்களில் நடப்பது 1993-ல் அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகரில் மேரி நெல்சன் என்பவர் தொடங்கிய முறையிலிருந்து பரவியது. சூடு வைப்பது மட்டும் நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் ஒற்றடமும் உண்டு, பிடித்துவிடுகிற தொக்கணமும் உண்டு. எங்கள் ஆயா செங்கல்லை அடுப்போரம் வைத்துச் சூடாக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொள்வார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: சூட்டைப் பிடித்துவைப்பதில் கல் பெரிய ஆளில்லை. அதே எடைத் தண்ணீர் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பிடிக்கும். அதாவது மெடிக்கல் கடை வெந்நீர்ப் பைக்குச் சூட்டில் ஒரு குறையும் கிடையாது. கல்லில் கூடுதலாகக் கிடைப்பது அந்தக் கனமும், இழுக்கும்போது வரும் அழுத்தமும்தான். அதுவும் பிடிக்கத் தெரிந்த கை இருந்தால்.

சர்க்கரை இருந்து கால் மரத்துப்போனவர்கள் போகவே கூடாது. என் அண்ணனுக்குச் சர்க்கரை. வெந்நீர்ப் பையைப் பாதத்துக்கடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். கொப்புளம் வந்ததே தெரியாது, அண்ணி பார்த்துத்தான் சொன்னார். ஆற இரண்டு மாசம் ஆயிற்று. நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின்), காலில் ரத்தக்கட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் படுக்கவேண்டாம். புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தாலும் சூடு ஆகாது, முதல் இரண்டு நாள் ஐஸ்தான். கை மரத்துப்போகிறது, வலி முழங்கை தாண்டி இறங்குகிறது என்றால் அது ஸ்பாவுக்குரிய சமாசாரமே இல்லை.

கல் வாங்கலாமா என்று கேட்டீர்கள். ஆன்லைனில் செட்டாகக் கிடைக்கிறது, நான் வாங்கவில்லை. தன் முதுகில் தானே கல் இழுக்க முடியாது, வீட்டில் பிடித்துவிட ஆளும் இல்லை. நீங்கள் வாங்கினால் தண்ணீரில் வைத்து வெப்பமானி பார்த்துச் சுட வையுங்கள். நேராக அடுப்பில் போடாதீர்கள், மைக்ரோவேவும் வேண்டாம். ஆற்றங்கரையில் பொறுக்கின கல்லை நெருப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும்.

எனக்குத் தினப்படிக்குக் கல் உப்புதான். இரண்டு கைப்பிடி வறுத்துத் துணியில் முடிந்து, முன்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து நிமிஷம் ஒற்றிக்கொள்கிறேன். நொச்சி இலை கிடைத்தால் அதையும் சேர்த்து வதக்குவேன், வாசனைக்காகவே. இந்த வருஷம் அச்சு அழுத்தும் மேடையை நாலு விரல் தாழ்த்திப் போட்டேன். இப்போது தோளைத் தூக்காமல் உடம்புக் கனத்திலேயே மாவு இறங்குகிறது. மகள் அதே இடத்தில் மறுபடி சொல்லிவைக்கவா என்று கேட்கிறாள். தை பிறக்கட்டும், போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.