பெரியப்பா மறுபடி அச்சடித்த பத்திரிகை

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன், பெருங்குடியில் இரண்டு தோழிகளோடு வாடகை வீடு. அப்பாவுக்கு 60 வயது, கடை போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது, இப்போது ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறார். சொந்தத்தில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் பத்திரிகை, பேனர் எல்லாம் என் தலையில்தான் விழும், ஒரு ரூபாய் வராது. வைகாசியில் பெரியப்பா மகன் கல்யாணத்துக்குப் பத்து நாள் ராத்திரி கண் விழித்து, வெள்ளைத் தாளில் சாம்பல் எழுத்தில், மணமக்கள் பெயரும் பெற்றோர் பெயரும் மட்டும் வைத்து ஒரு பத்திரிகை செய்தேன். ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். பெரியப்பாவும் 'நல்லாருக்கும்மா' என்றார். ஆனால் என்னிடம் சொல்லாமலே ஊரில் வேறு பத்திரிகை அடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பிள்ளையார், மாவிலைத் தோரணம், 27 பேர் பெயர்! அப்பா என் பத்திரிகையைக் கையில் வாங்கி, எழுத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. இப்போது தை மாதம் பெரியப்பா மகள் கல்யாணம், மறுபடியும் என்னிடமே கேட்கிறார். முடியாது என்று சொல்லிவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சொல்லலாம் தங்கச்சி, அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. பத்து நாள் தூக்கம் கெட்டுச் செய்த வேலையை ஓரங்கட்டும்போது பெரியப்பா ஒரு போனாவது போட்டிருக்க வேண்டும், அதை யாராவது 'சொந்தத்துக்குள்ள இதெல்லாம் பெருசு பண்ணாத' என்று மழுப்பினால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இந்தத் தடவை முடியாது என்று சொல்ல வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

ராயப்பேட்டையில் ஒரு சின்ன டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சித்தி மகள் கல்யாணம். ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல வெள்ளை அட்டை தேடிப் பிடித்து, சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு போட்டு ஒரு பத்திரிகை செய்தேன். பாட்டி அதைக் கையிலேயே வாங்கவில்லை. 'என்னடி இது, கருமாதிக் கடுதாசி மாதிரி கறுப்புக் கரை போட்டு வச்சிருக்க' என்றார். பாட்டிக்கு ரசனை தெரியவில்லை என்று அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை நான். வருஷக்கணக்கில் கழித்துத்தான் உறைத்தது, பாட்டி ரசனையைப் பற்றிப் பேசவே இல்லை என்று. நல்ல காரியம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள், சாவு என்றால் கறுப்புக் கரை. தபால்காரர் நீட்டும்போதே, பிரிக்காமலே, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். அந்த மொழியில்தான் நான் தப்பாக எழுதியிருந்தேன்.

உங்கள் பத்திரிகையில் நிறம் கூடப் பெரிய விஷயமில்லை. போகிறபோக்கில் 27 பேர் பெயர் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பத்திரிகை வைக்கப் போகும் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், மேலே பத்திரிகை. வாங்குகிறவர் பாயில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, விரல் வைத்து வரி வரியாக இறங்குவார். முகூர்த்த நேரத்தையா தேடுகிறார்? தன் பெயரைத் தேடுகிறார். தாய்மாமன் பெயர் எந்த இடத்தில் வருகிறது, இறந்துபோன தாத்தாவுக்கு 'தெய்வத்திரு' போட்டிருக்கிறதா, வாழ வந்த மருமகள் பெயர் இருக்கிறதா, இளைய சம்பந்தி பெயருக்குக் கீழே மூத்த சம்பந்தி போய்விட்டாரா, இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பார்க்கப்பட்டுவிடும். எங்கள் வீட்டில் ஒரு மாமா தன் பெயர் விட்டுப்போனதற்காக மண்டப வாசலோடு திரும்பிப் போனார், அந்தப் பேச்சு வார்த்தை ஒட்டுவதற்கு நாலு வருஷம் ஆனது. நீங்கள் பெருங்குடியில் இருக்கிறீர்கள், பெரியப்பா அந்த 27 பேருக்கு நடுவில் இருக்கிறார். அவரால் உங்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுப் படி ஏற முடிந்திருக்காது. உங்களிடம் அதைச் சொல்லவும் வாய் வரவில்லை, பிள்ளை ஆசையாகச் செய்திருக்கிறாள் என்று. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் உங்கள் வேலை பிடிக்காத மனுஷன் தை மாதத்துக்கு மறுபடி உங்களிடம் வருவாரா என்று யோசியுங்கள்.

சொந்தத்தில் சாவு என்றால் அடிக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் இப்படித்தான், அதிலும் பெயர் வரிசை உண்டு. ராத்திரி 11 மணிக்கு போன் வரும், குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுக்க வேண்டும், பெயர் வரிசை வாய்ஸ் மெசேஜில் வரும், பின்னால் அழுகைச் சத்தம் கேட்கும். அந்த வேலைக்கு நான் இதுவரை யாரிடமும் பணம் வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். ஊருக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாத சாவுக்கு என் கையால் கொண்டுபோய் வைக்கிற மாலை அது.

அப்புறம், பெயர் நிறைய இருந்தால் டிசைன் கெட்டுவிடும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தேதி கிழிக்கிற காலண்டரைப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கிறது. அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குத் தேதி தெரிகிறது, கிட்டப் போனால் ராகு காலம் தெரிகிறது. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு அச்சகத்தில் ஒரு ஆல்பத்தைக் கேட்டுப் புரட்டிப் பாருங்கள். ஆபீஸ் ஆப்பில் நாம் ஆறு பட்டனை வைக்க இடமில்லாமல் தவிக்கிறோம், அவர்கள் இதை எத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

27 பெயரையும் அழகாக வைக்க முடியும். தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூட வேண்டும், மேல் வரியில் 'மு' கீழே வளைந்து இறங்கும், கீழ் வரியில் 'கி' மேலே சுழிந்து ஏறும், நெருக்கி வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். சாம்பல் நிறமும் வேண்டாம், மெல்லிய எழுத்தும் வேண்டாம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு கண் ஆபரேஷன் முடிந்திருக்கும். நல்ல மெரூன் ஒன்று, மஞ்சள் ஒன்று, போதும்.

இனி அப்பா. உங்கள் கடிதத்தில் நான் மூன்று தடவை திரும்பிப் போய்ப் படித்த வரி, அவர் கட்டை விரலால் எழுத்தைத் தடவிய வரி. அலட்சியமாக இருப்பவர் அப்படித் தொட மாட்டார் தங்கச்சி. எனாமல் காய்ந்துவிட்டதா என்று ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தே வாழ்ந்த கை அது. சுவரில் நூல் அடித்துக் கோடு போட்டு, 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்பதில் எத்தனை எழுத்து என்று மனசுக்குள் எண்ணி, 'ஸ்ரீ' எவ்வளவு இடம் தின்னும், 'ர்' எவ்வளவு ஒடுங்கும் என்று கண்ணாலேயே அளந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவருக்கும் தெரிகிற மாதிரி எழுதியவர். அந்தத் தொழிலை ஃபிளெக்ஸ் சதுர அடிக் கணக்கில் தின்றுவிட்டது. அவர் மகள் கம்ப்யூட்டரில் எழுத்து வேலை செய்கிறாள், அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை அபிப்பிராயம் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்களா? ஆபீஸில் காட்டினீர்கள், பெரியப்பாவிடம் காட்டினீர்கள், அப்பாவிடம் முடிந்த பிறகு கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஊரும் லேசுப்பட்ட ஊரில்லை. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில்தான் நிலைத்துத் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் காலண்டராகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்குள் போயின. உங்கள் அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதும் பழைய 'லை'யும் 'னை'யும்தான் முதலில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு கையை மாற்றியிருப்பார். இதையெல்லாம் அவரிடம் கேட்க எந்தச் சாக்கும் தேவையில்லை, ஆனால் சாக்கு வேண்டுமென்றால் தை மாதப் பத்திரிகை இருக்கிறது. மணமக்கள் பெயர் இரண்டையும் அப்பாவைப் பிரஷ்ஷில் எழுதச் சொல்லுங்கள், நாலைந்து தடவை எழுதட்டும், அதை ஸ்கேன் செய்து அப்படியே பத்திரிகையில் நடுவில் வையுங்கள். கை நடுங்குகிறது என்று முதலில் மறுப்பார். தாளையும் பெயின்டையும் எதிரில் வைத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

பணம் பற்றி நேராகச் சொல்கிறேன். அப்பா கூடப் பிறந்தவர்கள், அம்மா கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், இவர்களுக்குச் சும்மா செய்யுங்கள். அதைத் தாண்டி யார் வந்தாலும் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தொகை சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும். சும்மா செய்யும் வேலைக்கும் இரண்டே கரெக்‌ஷன், அதுவும் எழுதித்தான் வர வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இது சங்கடமாக இருக்கும், முதல் தடவை மட்டும்.

பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போன் போடுங்கள். போன தடவை நடந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது பெரியப்பா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் பதில் சொல்லும் வரை பேசாமல் இருங்கள். அப்புறம் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு பெயர்களைக் கேளுங்கள், இன்ஷியலோடு, யாருக்குப் பின்னால் யார் என்று. தாய்மாமன் பெயரை முதலில் கேளுங்கள்.